எதிர்காற்று

சைக்கிள் விடத் தெரிந்தவனுக்கு உலகத்தில் நிஜமான விரோதி ஒன்றுதான். அது நாயல்ல, ஆணியல்ல, லாரியும் அல்ல. நாய் தன் தெரு எல்லையோடு நின்றுவிடும். ஆணி குத்தினால் பஞ்சர் ஒட்டிக்கொண்டு போய்விடலாம். லாரிக்கு ஒதுங்கி நிற்கலாம். எதிர்காற்று இருக்கிறதே, அதற்கு ஒதுங்க இடம் கிடையாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஆடி மாதத்தில் ஒரு நாள், வாடகைச் சைக்கிளில் மேற்கே பார்த்து மிதித்திருக்கிறேன். வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, கடைக்காரர் கணக்கில் மணி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது!

அப்படிப்பட்ட எதிர்காற்றை, லீவு நாளில், தலைபோகிற காரியம் எதுவும் இல்லாமல், ஒருவன் வலியத் தேடிக்கொண்டு போவானா? போகிறவர்கள் இருக்கிறார்கள்.

2020-ம் வருஷம் பிப்ரவரி 9-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. குளிர்காலத்தின் கடைசிப் பகுதி. ஐரோப்பாவின் வடமேற்குக் கரையைச் 'சியாரா' என்று பெயர் வைத்த புயல் ஒன்று மோதிக்கொண்டிருந்தது. நெதர்லாந்து தேசத்தில் அன்று விமானங்கள் பலவற்றை ரத்து செய்துவிட்டார்கள். அந்த ஊர் ஜனங்கள் உயிரை விடுகிற கால்பந்துப் பந்தயங்களையே காற்றுக்குப் பயந்து நிறுத்திவிட்டார்கள். வெளியே போகாதீர்கள் என்றால் வீட்டில் இருந்து காப்பி குடிக்க வேண்டியதுதானே? ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை, அதே தேசத்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குக் குறுக்கே கட்டிய நீண்ட அணை ஒன்றின் மேல், ஆணும் பெண்ணுமாகச் சில நூறு பேர் சைக்கிள் விடுவதற்காக வந்து கூடியிருந்தார்கள்.

அவர்களுக்குக் கொடுத்த வண்டி பந்தய வண்டியல்ல. கியர் கிடையாது. குனிந்து காற்றுக்குத் தப்புகிற வளைந்த ஹாண்டில் பார் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் நிற்கிற பழைய மாதிரி பிரேக். முதுகை நிமிர்த்தி, மார்பைக் காற்றுக்குக் காட்டி உட்கார வேண்டும். அந்தத் தேசத்தில் இந்த ஜாதி வண்டி ஒன்றுக்குப் 'பாட்டி சைக்கிள்' என்றே செல்லப் பெயர். அதில் ஏறிக்கொண்டு, எதிர்காற்றில் எட்டரைக் கிலோ மீட்டர் தூரம், ஒருவர் பின் ஒருவராகப் போய், யார் சீக்கிரம் முடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். இதற்கு 'எதிர்காற்றுச் சைக்கிள் சாம்பியன் பந்தயம்' என்று பெயர். 2013-ம் வருஷம் தொடங்கியது.

இதிலே ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். மற்றப் பந்தயங்கள் வானிலை சரியில்லை என்றால் நின்றுபோகும். இது வானிலை நன்றாக இருந்தால் நின்றுபோகும்! பிரான்சிஸ் போபோர்ட் என்ற கப்பற்படை அதிகாரி 1805-ல் காற்றின் பலத்துக்கு ஓர் அளவு வகுத்தார். அந்த அளவில் காற்று 7-ஆவது படியையாவது எட்ட வேண்டும். அதாவது மணிக்கு 50 கிலோ மீட்டருக்குக் குறையாமல் அடிக்க வேண்டும். மரம் முழுதும் ஆடுகிற காற்று அது. அப்படி ஒரு காற்று வரப்போகிறது என்று தெரிந்த பிறகுதான், சில நாள் முன்னதாகப் பந்தயத்தை அறிவிக்கிறார்கள்.

எதிர்காற்றின் கணக்கு பொல்லாதது. காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோ மீட்டர் வேகத்தில் நீங்கள் சைக்கிள் விடுகிறீர்கள். அப்போது காற்று உங்களைத் தடுக்கிற தடையை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். எதிரே 60 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும்போது, உங்கள் மார்பில் மோதுகிற காற்றின் வேகம் 75, ஐந்து மடங்கு. தடையும் ஐந்து மடங்குதானே என்று எண்ணிவிடாதீர்கள். வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துத் தடை ஏறும். ஐயைந்து இருபத்தைந்து. பழைய வேகத்தில் போக வேண்டுமானால் 25 பங்கு தடையைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மனிதன் கால் அதற்கு ஈடு கொடுக்காது. ஆகவே வேகம் குறைகிறது. நடக்கிறவன் வேகத்துக்குக் கூட வந்துவிடுகிறது.

பைத்தியக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். முதலில் இந்தச் செய்தியைப் படித்தபோது நானும் அப்படித்தான் சிரித்தேன். பிறகு, அந்த அணை எது, அதை எதற்காகக் கட்டினார்கள் என்று தேடிப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு தேசத்தின் சரித்திரமே அந்த எட்டரைக் கிலோ மீட்டரில் இருப்பதாகத் தோன்றியது.

இவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்ல. நம் சரித்திரப் புத்தகங்களில் ஒல்லாந்தர் என்றும் டச்சுக்காரர் என்றும் வருகிறவர்கள் இவர்கள்தான். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டிக்கொண்டு வியாபாரம் செய்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய செப்புக் காசின் பெயர் மட்டும் 'துட்டு' என்று நம் நாக்கில் தங்கிவிட்டது. துட்டு விஷயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்களுடைய சொந்த நிலம் சொல்லும்படியாக இல்லை. நாலில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கரை எழுப்பி, கரைக்கு உள்ளே நிற்கிற தண்ணீரை இறைத்து, சேற்றை வயலாக்கி, வயலை ஊராக்கிக் குடியேறியவர்கள். அந்தத் தண்ணீரை இறைத்தது யார்? காற்று. கிண்டர்டைக் என்ற இடத்தில் 1740-ஐ ஒட்டிக் கட்டிய காற்றாலைகள் 19 இன்னமும் வரிசையாக நிற்கின்றன. பகைவனைப் பிடித்து வந்து வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்ட மாதிரி.

காற்றோடு விளையாடுகிற ஆசையும் அவர்களுக்குப் பழைய ஆசைதான். 1600-ஐ ஒட்டிய வருஷங்களில், சைமன் ஸ்டெவின் என்ற கணித மேதை, தம் எஜமானரான இளவரசர் மாரிஸுக்காக ஒரு விசித்திர ரதம் செய்தார். நாலு சக்கரம், குதிரைக்குப் பதில் பாய்மரம். ஸ்கெவனிங்கன் என்ற கடற்கரையிலிருந்து வடக்கே பெட்டன் வரையில், கெட்டி மணலில், குதிரையைத் தோற்கடிக்கிற வேகத்தில் அந்த ரதம் ஓடியது. இளவரசர் தம் விருந்தாளிகள் இருபத்தைந்து பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போனார். பிற்காலத்தில் சர்வதேசச் சட்டத்துக்குத் தந்தை என்று பேர் வாங்கிய ஹ்யூகோ குரோஷியஸ் என்ற வாலிபரும் அதில் ஏறியவர். சிறைப்பட்டிருந்த ஸ்பானியத் தளபதி ஒருவரும் உண்டாம். காற்றில் உல்லாசப் பிரயாணம் என்றால் அது. ஆனால் அது பின்காற்றுப் பிரயாணம். இளவரசர்களுக்குப் பின்காற்று. எதிர்காற்று குடிமக்களுக்கு என்று அன்றே பங்கு பிரித்தாயிற்று.

குடிமக்கள் கைக்குச் சைக்கிள் வந்த கதை அப்படி ஒன்றும் சுலபமானதல்ல. முதலில் அது கனவான்களின் பொம்மை. ஆளுயரச் சக்கரத்தின் மேலே ஏறி உட்கார்ந்து, ஊரெல்லாம் அண்ணாந்து பார்க்கப் போவார்கள். 1883-ல் ஒல்லாந்தில் சைக்கிள்காரர்கள் நாடு முழுவதற்குமாக ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, செயினால் ஓடுகிற வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் சைக்கிள் என்று சொல்லுவது அதன் பேரப்பிள்ளையைத்தான். 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்தில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் பையனுடைய மூன்று சக்கர வண்டி தடதடவென்று குலுங்குவதைப் பார்த்துக் காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு வருஷம் விலை இறங்கியது. ஒல்லாந்தில் மேடு கிடையாது, மலை கிடையாது. சைக்கிளுக்கென்றே கடவுள் தேசத்தைத் தட்டிச் சமன் செய்து வைத்த மாதிரி. டாக்டர் ஏறினார், குமாஸ்தா ஏறினார், பால்காரர் ஏறினார், ஆலைத் தொழிலாளி ஏறினார்.

ஏறினால் மட்டும் போதுமா? உல்லாசமாகச் சுற்ற வேண்டுமானால் வண்டி ஒன்று, ஓய்வு ஒன்று, இரண்டும் வேண்டும். ஓய்வு 1919-ல் வந்தது. அந்த வருஷம் ஒல்லாந்து சர்க்கார் ஒரு சட்டம் செய்தது: நாளுக்கு 8 மணி நேரம் வேலை, வாரத்துக்கு 45 மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து நாளுக்கு நாற்பது போக, சனிக்கிழமைக்கு மிச்சம் ஐந்தே மணி. மத்தியானம் ஆலைச் சங்கு ஊதியதும் தொழிலாளிக்குச் சனிக்கிழமைப் பாதியும் ஞாயிறு முழுதும் சொந்தம்! மூன்று வருஷம் கழித்து, 1922-ல், அதிலே கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு 48 மணி என்று மாற்றினார்கள். ஆனாலும் ருசி கண்டாயிற்று.

சந்தோஷம் எங்கே இருக்கிறதோ அங்கே சர்க்கார் வந்து கை நீட்டும். 1924-ல் சைக்கிளுக்கு வரி வந்தது. வரி கட்டினதற்கு அடையாளமாக ஒரு சின்ன உலோகத் தகடு கொடுப்பார்கள். வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். 1930-களில் உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்து, ஒல்லாந்திலும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியபோது, சர்க்கார் மனம் இரங்கியது. வேலையில்லாத ஏழைகளுக்குத் தகடு இலவசம் என்று அறிவித்தது. ஆனால் அந்தத் தகட்டின் நடுவில் ஒரு துளை போட்டுக் கொடுத்தார்கள், இவன் காசு கொடுக்காதவன் என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தெரியட்டும் என்று. அதோடு விட்டார்களா? துளைபோட்ட தகடு மாட்டிய வண்டியை ஞாயிற்றுக்கிழமையில் ஓட்டக்கூடாது. வேலை தேடிப் போகச் சைக்கிள் வேண்டும், சரி. ஞாயிற்றுக்கிழமை எவன் வேலை கொடுக்கப் போகிறான்? அன்றைக்கு வண்டி எடுத்தால் அது உல்லாசத்துக்குத்தானே! பிச்சைச் சோறு தின்கிறவனுக்கு உல்லாசம் ஒரு கேடா?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஏழைகளுக்கு இழைக்கிற அநீதிகளைக் கற்பனை செய்வது என் தொழிலில் ஒரு பகுதி. ஆனால் இப்படி ஒரு துளையை என்னால் கற்பனை செய்திருக்க முடியாது. பசியைப் பொறுத்துக்கொள்ளலாம். வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில், தன் சொந்த வண்டி சுவரில் சாய்ந்திருக்க, பெண்டாட்டி பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போக முடியாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறானே, அந்த மனிதனுக்கு என்ன சமாதானம் சொல்லுவது? 1941-ல் அந்த வரி ஒழிந்தது. ஒழித்தவர்கள் யார் தெரியுமா? தேசத்தைப் பிடித்துக்கொண்ட ஜெர்மானிய நாஜிகள்! நல்ல காரியம் பொல்லாதவன் கையாலும் நடந்துவிடுகிறது. ஆனால் கொடுத்த கை சும்மா இருக்கவில்லை. அடுத்த வருஷமே, 1942-ல், அவர்கள் சைக்கிள்களையே பிடுங்க ஆரம்பித்தார்கள்.

பிடுங்கினது போக மிஞ்சின வண்டிகளுக்கு டயர் கிடையாது. ரப்பர் யுத்தத்துக்குப் போய்விட்டது. மரத்துண்டுகளைச் சக்கரத்தில் கட்டி ஓட்டினார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயை வெட்டி மாட்டினார்கள். ஒன்றும் கிடைக்காதவர்கள் வெறும் ரிம்மோடு ஓட்டினார்கள். இந்த நிலையில் 1944-ம் வருஷத்துக் குளிர்காலம் வந்தது. செப்டம்பரில், நேச நாட்டுப் படைக்கு உதவியாக ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பழி வாங்க, மேற்கு மாகாணங்களுக்கு உணவு போவதை ஜெர்மானியர்கள் தடுத்தார்கள். கால்வாய்களும் உறைந்து போயின. ஆம்ஸ்டர்டாமிலும் ராட்டர்டாமிலும் ஜனங்கள் துலிப் பூவின் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் மடிந்தார்கள். 'பசிக் குளிர்காலம்' என்று அதற்கு இன்றும் பெயர்.

அந்தக் குளிர்காலத்தின் கடைசி மாதங்களில், நகரங்களிலிருந்து கிராமங்களுக்குப் போகும் சாலைகளில் சைக்கிள்கள் வரிசையாகப் போயின. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாலிபர்கள் வெளியே தலைகாட்டினால் ஜெர்மனிக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். படுக்கை விரிப்பு, கடிகாரம், கல்யாண மோதிரம் எது இருந்ததோ அதை எடுத்துக்கொண்டு போய், குடியானவன் வாசலில் நின்று, உருளைக் கிழங்குக்கும் கோதுமைக்கும் மாற்றினார்கள். கேரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பும்போது எதிர்காற்று அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை. சக்கரத்தில் டயர் இல்லை. பின்னால் மூட்டையின் கனம். வழியில் சோதனைக்காரன் பிடித்தால் மூட்டையும் போய்விடும். வீட்டில் குழந்தை காத்திருக்கிறது. அவளுக்கு அந்தக் காற்று 7-ஆவது படியா, 5-ஆவது படியா என்று யார் அளந்தார்கள்?

யுத்தம் 1945 மே மாதத்தில் முடிந்தது. மறுபடி சைக்கிள்கள் வந்தன. மறுபடி சனிக்கிழமைகள் வந்தன. எட்டு வருஷங்கூட ஆகவில்லை.

1953-ம் வருஷம் ஜனவரி 31-ம் தேதி, சனிக்கிழமை. பௌர்ணமி கழிந்து இரண்டு நாள். கடலில் ஓதம் உச்சமாக ஏறுகிற சமயம். வடமேற்கிலிருந்து ஒரு புயல் வட கடலின் தண்ணீரை முழுவதும் தெற்கே தள்ளிக்கொண்டு வந்தது. வட கடல் தெற்கே போகப் போகக் குறுகுகிறது. புனலில் ஊற்றின மாதிரி தண்ணீர் மேலே எழும்பியது. வானிலை நிலையத்தார் சனிக்கிழமை மாலையே அபாயம் என்று சொன்னார்கள். ஆனால் யார் கேட்பது? வார விடுமுறை. அலுவலகங்கள் பூட்டியிருந்தன. அபாயத் தந்தி, அதற்கென்று பதிவு செய்துகொண்ட சில இடங்களுக்குத்தான் போகும். நள்ளிரவுக்குப் பிறகு ரேடியோவும் மௌனமாகிவிடும். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. காற்று பலமாக அடிக்கிறதே என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஜனங்கள் தூங்கப் போனார்கள்.

ஞாயிறு விடியுமுன் கரைகள் உடைந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கான இடங்களில். ஜீலாந்து என்ற மாகாணம்தான் அதிகமாக அழிந்தது. அந்தப் பெயருக்கே கடல் நாடு என்று அர்த்தம். கூரை மேல் ஏறித் தப்பியவர்கள் பகலெல்லாம் படகுக்குக் காத்திருந்தார்கள். பிற்பகலில் அடுத்த ஓதம் வந்தது. அவர்களில் பலர் அப்போதுதான் கூரையோடு போனார்கள். ஒல்லாந்தில் மட்டும் இறந்தவர்கள் 1,836 பேர். எதிர்க்கரையில் இங்கிலாந்திலும் 300-க்கு மேல் மாண்டார்கள். இதற்கு நடுவே ஒரு காரியமும் நடந்தது. நியூவர்கெர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை உடைய ஆரம்பித்தது. அது முழுதும் உடைந்தால் பின்னாலே பெரிய பெரிய நகரங்கள், லட்சக்கணக்கான ஜனங்கள். ஆரி எவெக்ரூன் என்ற படகுக்காரர் தம் சரக்குப் படகையே கொண்டுபோய் உடைப்பின் வாயில் கதவு மாதிரி சாத்தினார். படகு நின்றது, கரை நின்றது. பெரிய சரித்திரங்கள் சில சமயம் இப்படி ஒரு தனி மனிதனுடைய கைத்திறனில் தொங்குகின்றன.

ஸ்கௌவென் டைவெலாந்து என்ற தீவில் மட்டும் 500-க்கு மேல் இறந்தார்கள். கடைசி உடைப்பை அங்கே 1953 நவம்பர் 6-ம் தேதிதான் அடைத்து முடித்தார்கள். அந்தத் தீவின் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழுது முடித்த பிறகு ஒல்லாந்தர் கணக்குப் போட உட்கார்ந்தார்கள். 1958-ல் ஒரு சட்டம் செய்து, கடலின் வாய்களை ஒவ்வொன்றாக அணை கட்டி அடைக்கத் தொடங்கினார்கள். கடைசியாக, எல்லாவற்றிலும் அகலமான வாய் மிஞ்சியது: கிழக்கு ஷெல்ட் என்ற முகத்துவாரம். அதையும் அடைத்துவிட எல்லா ஏற்பாடும் ஆயிற்று. அப்போதுதான் தகராறு கிளம்பியது. மீன் பிடிக்கிறவர்களும் சிப்பி வளர்க்கிறவர்களும், 'கடல் உள்ளே வந்து போகாவிட்டால் எங்கள் பிழைப்பு போய்விடும்' என்றார்கள். பறவைகளையும் சேற்று நிலத்தையும் நேசிக்கிறவர்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 'சிப்பி பெரிதா, 1,836 உயிர் பெரிதா?' என்று மறுபக்கத்தார் கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற தகராறைப் போலக் கஷ்டமானது வேறில்லை. கடைசியில், 1970-களின் நடுவில், இரண்டு பேரையும் காப்பாற்றுகிற முடிவுக்கு வந்தார்கள். செலவு எக்கச்சக்கமாக ஏறும், ஏறட்டும். சுவருக்குப் பதில் கதவு. 65 தூண்கள், ஒவ்வொன்றும் சுமார் 18,000 டன் கனம். அவற்றுக்கு நடுவே 62 இரும்புக் கதவுகள். சாதாரண நாளில் கதவுகள் தூக்கியிருக்கும். கடல் தன் இஷ்டம்போல் உள்ளே வந்து வெளியே போகும். புயல் வந்து தண்ணீர் அபாய அளவுக்கு ஏறும் என்று தெரிந்தால் கதவுகள் இறங்கும். 1986 அக்டோபர் 4-ம் தேதி பியாட்ரிக்ஸ் மகாராணி அதைத் திறந்து வைத்தார்.

அணையின் ஒரு முனை, சற்று முன் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த ஸ்கௌவென் டைவெலாந்துத் தீவில் இருக்கிறது. அந்த அணையின் மேல்தான் எதிர்காற்றுப் பந்தயம் நடக்கிறது.

இந்த இடைக்காலத்தில் தரையிலும் ஒரு போராட்டம் நடந்தது. 1950-களிலும் 60-களிலும் மோட்டார்கள் பெருகி, சைக்கிளைச் சாலையிலிருந்து விரட்டின. 1971-ம் வருஷம் ஒன்றில் மட்டும் சாலை விபத்துக்களில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதிலே குழந்தைகள் 400-க்கு மேல். பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, சர்க்கார் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டாரே ஓடக்கூடாது என்று உத்தரவிட்டது. முதல் ஞாயிறு, நவம்பர் 4-ம் தேதி. குளிரைப் பொருட்படுத்தாமல் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் பெரிய பெரிய நெடுஞ்சாலைகளில் சைக்கிளோடு இறங்கிவிட்டார்கள். சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் தேசமெங்கும் பெருகியது அந்த வருஷங்களுக்குப் பிறகுதான். துளைபோட்ட தகட்டோடு ஜன்னலுக்குப் பின்னால் நின்றவன் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பான்? அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மறுத்த சாலையில் இப்போது ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் மட்டுமே போகலாம்!

பந்தயத்தைச் சில நாள் முன்னதாகத்தான் அறிவிக்கிறார்கள் என்றேன். இந்த வழக்கம் ஒல்லாந்தருக்குப் பழக்கமானது. வடக்கே பிரீஸ்லாந்து மாகாணத்தில், உறைந்த கால்வாய்களின் மேல் பதினோரு ஊர்களைச் சுற்றி, சுமார் 200 கிலோ மீட்டர் சறுக்கிப் போகிற பந்தயம் ஒன்று உண்டு. 1909-ல் தொடங்கியது. பனிக்கட்டி போதுமான கனத்துக்கு உறைந்தால்தான் அது நடக்கும்; உறைந்தது என்று தெரிந்ததும் அவசரமாக அறிவிப்பார்கள்; தேசமே கிளம்பிவிடும். கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4-ம் தேதி. அதற்குப் பிறகு கால்வாய்கள் அந்த அளவுக்கு உறையவே இல்லை. குளிர்காலம் இளகிவிட்டது. பனிக்காகக் காத்திருந்து சலித்துப்போன தேசத்துக்கு, மிஞ்சியிருக்கிற குளிர்காலச் செல்வம் காற்று ஒன்றுதான். அதையாவது அனுபவிப்போம் என்று புறப்பட்டார்களோ என்னவோ! எனக்கு அப்படித் தோன்றுகிறது.

இப்போது அந்த 2020-ம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமையை மறுபடி பாருங்கள். அதே கடல். காற்றின் திசை மட்டும் கொஞ்சம் வேறு; 1953-ல் வடமேற்கு, அன்று தென்மேற்கு. ஒரு பெண் பாட்டி சைக்கிளில் ஏறி உட்காருகிறாள். நிமிர்ந்து உட்கார்ந்ததும் காற்று அவளை மார்பில் பிடித்துத் தள்ளுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறாள். பக்கவாட்டில் காற்று திரும்பும்போது வண்டி கோணுகிறது. ஒரு காலை ஊன்றி நிறுத்திக்கொண்டு மறுபடி ஏறுகிறாள். முகத்தில் உப்புத் தண்ணீர். கீழே 62 கதவுகள். கரையோரத்தில் நிற்கிறவர்கள் கத்தி உற்சாகப்படுத்துகிறார்கள். காற்றில் அவர்கள் குரல் கேட்கவில்லை. அவள் சிரிக்கிறாள்.

அவள் பாட்டி, 75 வருஷத்துக்கு முன்னால், இதே பிப்ரவரி மாதத்தில், டயரில்லாத சக்கரத்தில், உருளைக் கிழங்கு மூட்டையோடு இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்திருக்கலாம். அவள் சிரித்திருக்கமாட்டாள். காற்று ஒன்று, கால் ஒன்று, பெடலும் கிட்டத்தட்ட ஒன்று. நடுவில் மாறியது என்ன? வீட்டில் குழந்தை பசியோடு காத்திருக்கவில்லை. காலின் கீழே அணை உடையாது. ஞாயிற்றுக்கிழமை அவளுடையது. நடு வழியில் முடியவில்லை என்று தோன்றினால் இறங்கிவிடலாம், யாரும் சாகமாட்டார்கள். கஷ்டம் அதே கஷ்டம்தான். நிறுத்திக்கொள்ளுகிற உரிமை வந்ததும் அது விளையாட்டாகிவிட்டது.

அந்த உரிமையைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! எட்டு மணி நேர வேலைக்குச் சண்டை போட்டவர்கள். தங்கள் குழந்தைகளைச் சாலையில் பறிகொடுத்துவிட்டு ஊர்வலம் போனவர்கள். சிப்பிக்காக வாதாடின மீனவர்கள். உடைப்பில் படகை நுழைத்தவர். அவர்களில் ஒருவரும் இந்தப் பந்தயத்தைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். பேரப்பிள்ளைகள் பயமில்லாமல் இருக்க வேண்டும் என்று மட்டுமே நினைத்திருப்பார்கள். பயமில்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? விளையாடுவார்கள்.

இது எந்நாளும் நிலைக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த அணைக்கு 200 வருஷம் ஆயுள் என்று திட்டம் போட்டார்கள். கடல் மட்டமோ உயர்ந்துகொண்டிருக்கிறது. கதவுகளை இன்னும் அடிக்கடி இறக்க வேண்டிவரும் என்று நிபுணர்கள் கணக்குச் சொல்லுகிறார்கள். விளையாட்டு மறுபடி வினையாகாமல் இருக்க வேண்டுமானால், விளையாடுகிறவர்களே ஒரு நாள் மண்வெட்டியையும் கணக்குப் புத்தகத்தையும் கையில் எடுக்க வேண்டியிருக்கும். எதிர்காற்றில் மிதித்துப் பழகின கால்கள் அதற்குப் பின்வாங்காது என்று நம்பலாம்.

இதை எழுதி முடித்துவிட்டு எழுந்தபோது, என் சிறு வயது ஆடி மாதம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் வண்டியிலிருந்து இறங்கி, ஹாண்டில் பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே கடைக்குத் திரும்பினேன். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு மேலே ஆகியிருந்தது. என் முகத்தையும் பார்த்தார். "காத்துடா! அதுக்கு நீ என்ன பண்ணுவே? ஒரு மணிக்குக் கொடுத்துட்டுப் போ" என்றார். ஒல்லாந்து சர்க்காரின் தகட்டில் துளை போட்ட அதிகாரிக்கு அந்த மனம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!